நன்றி ஓட்டா, கூட்டணி ஓட்டா?

மார்த்தாண்டம்

அன்புள்ள செல்வராஜ்,

சிறுபான்மையினருக்கு உரிமை கொடுக்கும் கட்சிக்கே அவர்கள் ஓட்டு போய்ச் சேருமா என்று கேட்டிருந்தாய். நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள். 2011 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம், முஸ்லிம்கள் 4.2.

2007 செப்டம்பரில் திமுக அரசு, பிற்படுத்தப்பட்டோரின் 30 சதவீதத்துக்குள் முஸ்லிம்களுக்கு 3.5, கிறிஸ்தவர்களுக்கு 3.5 என்று தனியே பிரித்தது. அதாவது 200 இடத்துக்கு ஏழேழு. முஸ்லிம்களுக்கு அது லாபம். கிறிஸ்தவர்களுக்கோ பொதுவான 30க்குள் போட்டியிட்டபோது கிடைத்ததைவிடக் குறைந்துபோனது. பழையபடி சேர்த்துவிடுங்கள் என்று அவர்கள் தலைவர்களே கேட்க, 2008இல் அரசு அதைத் திரும்பப் பெற்றது. முஸ்லிம்களின் 3.5 மட்டும் நிலைத்தது. ஆகவே 2009 மக்களவைத் தேர்தலில் இங்கே திமுக ஜெயித்ததை நன்றி ஓட்டு என்று எழுதிவிடாதே.

அதைவிடக் கூட்டணிக் கணக்குதான் பெரிது. 2014இல் பாஜக சுமார் 3.73 லட்சம் வாங்கி ஜெயித்தது; எதிரே காங்கிரஸ், அதிமுக, திமுக, மார்க்சிஸ்ட் என்று ஓட்டு சிதறியது. 2019இல் அதே வேட்பாளர் 3.67 லட்சம் வாங்கியும் இரண்டரை லட்சத்துக்கு மேல் பின்தங்கினார், ஏனென்றால் திமுகவும் மார்க்சிஸ்டும் காங்கிரஸ் பக்கம் நின்றன. இடையில் உள்ளூரில் எந்த ஒதுக்கீடும் மாறவில்லை, மக்கா.

நீயே சோதிக்க வேண்டுமானால் தேர்தல் அதிகாரி வெளியிடும் படிவம் 20ஐ எடு. பூத் வாரியாக ஓட்டு அதில் இருக்கும். 2009க்கு முந்தையதைத் தொடாதே. அப்போது நாகர்கோவில் தொகுதி, எல்லையே வேறு. பூத் எண்ணை நம்பாதே, வாக்காளர் கூடினால் பிரித்து எண்ணை மாற்றிவிடுவார்கள். வாக்காளர் பட்டியலில் ஊர்ப் பெயரைப் பார்த்து ஒரு தேர்தலின் பூத்தை இன்னொன்றின் பூத்தோடு பொருத்து. நாடார்களில் இந்துவும் உண்டு, கிறிஸ்தவரும் உண்டு. அதனால் கலந்து வாழும், கடற்கரையை விட்டு உள்ளே தள்ளிய ஊர் பூத்தில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று சொல்லவே முடியாது. பெரும்பாலும் கிறிஸ்தவர்களே வாழும் மீனவ ஊர்களின் பூத்துகளே தெளிவாகப் பேசும்.

அங்கேயும் ஒரு பொறி. மணக்குடி முதல் நீரோடி வரை மேற்குக் கரை வழக்கப்படி மீன்பிடித் தடை ஜூன், ஜூலையில். 2019, 2024 இரண்டிலும் ஓட்டுப்பதிவு ஏப்ரலில். தூத்தூர் பக்கத்து ஆழ்கடல் விசைப்படகுக்காரர்கள் கடலில் இருக்கும் மாதம் அது. ஆண்கள் பதிவு குறைந்திருந்தால் அதைக் கோபம் என்று வாசிக்காமல், பெண்கள் பதிவை முதலில் ஒப்பிடு.

கிள்ளியூர் சட்டமன்றத் தொகுதியை நீ பார், குளச்சலை நான் பார்க்கிறேன். பட்டியலை அடுத்த கடிதத்தோடு அனுப்பு.

அன்புடன்,
தாசன்