ஒன்பது மணி வகுப்பு

அன்புள்ள மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் அழுததிலிருந்து எனக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. செப்டம்பரில் பையன் முதல் வகுப்புக்குப் போக வேண்டும். வீட்டில் வைத்துப் படிப்பிக்க ஜெர்மனியில் வழியே இல்லை. "நீ எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்ய முடியாதாம்மா" என்றாய். போதாததற்குப் பள்ளிப் படிவத்தில் மதப் பாடம் எது என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருக்கிறார்கள்: கத்தோலிக்கம், புராட்டஸ்டன்ட், இரண்டும் வேண்டாமென்றால் 'எதிக்' என்கிற நன்னெறி வகுப்பு. நமக்கு அதில் கட்டமே இல்லையே என்று தவித்தாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் செய்தது என்று நீ நினைத்து ஏங்குகிறாயே, அதில் ஒரு பகுதியை நான் செய்திருக்கவே கூடாது.

2002 ஆகஸ்டில் உன்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன். இரண்டாம் வகுப்பு முழுக்க நீ சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே திருப்பிக் கொண்டுவந்தாய். எலுமிச்சை சாதத்தைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள் என்று அப்புறம்தான் சொன்னாய். டெக்சாஸில் நிறுத்துவது எவ்வளவு சுலபம் என்று எனக்கே நம்ப முடியவில்லை. வீட்டுப்பள்ளியும் தனியார் பள்ளிதான் என்று 1994இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நல்ல குடிமைப் பண்பு ஆகிய ஐந்தையும் புத்தகம் வைத்து மெய்யாகவே சொல்லித் தந்தால் போதும். பதிவு கிடையாது, அரசுத் தேர்வு கிடையாது. பள்ளிக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினேன், அவ்வளவுதான்.

ஆறாவது பாடமாகச் சமயத்தை நானே சேர்த்துக்கொண்டேன்.

நான் வளர்ந்த கும்பகோணத்தில் எனக்கு யாரும் சமயம் கற்பித்ததில்லை. தெருக்கோடியில் மணி அடிக்கும். மார்கழியில் விடியுமுன்னே பாட்டு கேட்கும். ஓதுவார் பாடும்போது தூணில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். தேர் எங்கள் வாசல் வழியாகத்தான் போகும். எல்லாம் காது வழியாகத் தானாகவே உள்ளே போனது. ஹூஸ்டனில் நம் வீட்டிலிருந்து பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குக் காரில் ஒரு மணி நேரம். நான் சொல்லித் தராவிட்டால் இது என்னோடு அறுந்துபோகும் என்று பயந்தேன். பயந்தவள் வகுப்பு எடுத்தால் எப்படி இருக்கும்? காலை ஒன்பது மணிக்கு முதல் வகுப்பு. வாரம் ஒரு பதிகம் மனப்பாடம். வெள்ளிக்கிழமை தேர்வு, பத்துக்கு மதிப்பெண், சிவப்பு மையில்.

ஒரு வாரம் உனக்கு நாலு போட்டேன். நோட்டை மூடிவைத்துவிட்டு, "சாமிகிட்ட நான் ஃபெயிலாம்மா?" என்று கேட்டாய். "ஒழுங்கா படிச்சா பாஸ் ஆகலாம்" என்றேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பதிலை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. அதுவரை ஊஞ்சலில் ஆடிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தவள் நீ. அதற்கப்புறம் ஒன்பது மணிக்கு மட்டும்தான் பாடினாய்.

அடுத்த தெருவில் ஐந்து பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்த அந்த அம்மா உனக்கு நினைவிருப்பார். அவர்தான் நம்மை முதன்முதலில் கோ-ஆப்புக்கு அழைத்துப் போனார். பல குடும்பங்கள் வாரம் ஒரு நாள் சேர்ந்து அறிவியல் சோதனை, நாடகம், கூட்டிசை எல்லாம் நடத்தும் இடம். அங்கிருந்த மைக்ராஸ்கோப்பை விட்டு நீ நகரவே மறுத்தாய். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் விசுவாச அறிக்கை இருந்தது. பைபிள் பிழையற்றது, மீட்புக்கு இயேசு ஒருவரே வழி என்று ஏற்றுப் பெற்றோர் கையெழுத்திட வேண்டும். உன் முகத்தைப் பார்த்தால் போட்டுவிடலாம் என்று தோன்றியது. நம்பாததை நம்புவதாக எழுதித் தருவது அவர்களுக்கும் அவமரியாதை, நமக்கும் பொய். படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா காரில் ஒன்றும் பேசவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தன் வீட்டு மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றார்.

நம் பக்கத்தில் எல்லோரும் மதத்துக்காகத்தான் பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். 2016இல் அமெரிக்க அரசு எடுத்த கணக்கெடுப்பில், தங்கள் முதல் காரணம் சமயக் கல்விதான் என்றவர்கள் 16 சதவீதம். பள்ளிச் சூழல் பற்றிய கவலை என்றவர்கள் 34. எலுமிச்சை சாதக் குடும்பங்கள் நான் நினைத்ததைவிட அதிகம்.

அப்புறம் அந்தப் பழைய புத்தகச் சந்தை. ஒரு டாலருக்கு அறிவியல் புத்தகம், படங்கள் அவ்வளவு அழகு. உள்ளே பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டு என்று போட்டிருந்தது. "இது தப்பு, 450 கோடி ஆண்டுக்கு மேலே" என்று சொல்லித் திருப்பி வைத்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நீ கேட்டாய்: "கலியுகம் 4,32,000 வருஷம்னு ஒன்பது மணி வகுப்புல சொன்னியே, அது சரியா தப்பா?" உனக்கு அப்போது ஒன்பது வயதுகூட ஆகவில்லை. அடுத்தவர் புத்தகத்தில் இருந்தால் தப்பு, நம் நோட்டில் இருந்தால் பாடம். அதைத்தான் நான் செய்துகொண்டிருந்தேன். இரண்டு நாள் உனக்குப் பதில் சொல்லாமல் சுற்றினேன்.

மூன்றாம் நாள், "அது பெரியவங்க காலத்தைப் பத்திச் சொன்ன கதை. பூமியோட வயசைக் கல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறாங்க. சாமி விஷயத்துல எனக்கே தெரியாதது நிறைய இருக்கு" என்றேன். அதோடு அந்த வகுப்பை எடுத்துவிட்டேன். மதிப்பெண் நோட்டையும் தூக்கி எறிந்தேன்.

அதற்குப் பதிலாக நான் எதையும் யோசித்து வைக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றி நான் பாட்டுக்குப் பாடினேன், நீ வந்தால் வா என்று விட்டுவிட்டேன். நாலைந்து மாதம் நீ வரவில்லை. சரஸ்வதி பூஜைக்கு எல்லாப் புத்தகத்தையும் அடுக்கி, இன்றைக்குப் படிக்கக் கூடாது என்று சொன்னபோது, "லைப்ரரி புத்தகமுமா?" என்று கேட்டு அவற்றையும் நீயே கொண்டுவந்து வைத்துப் பொட்டு வைத்தாய். தேதி தாண்டி அபராதம் கட்டினோம். அன்று ராத்திரி சமையலறையில் உன் குரல் கேட்டது. நீ நாலு மதிப்பெண் வாங்கிய அதே பதிகம். நான் அசையாமல் நின்றேன், உள்ளே வந்தால் நிறுத்திவிடுவாயோ என்று.

இப்போது உன் கவலைக்கு வருகிறேன். ஜெர்மனியில் ஒரு கிறித்தவக் குடும்பம் தங்கள் நம்பிக்கைப்படி பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய் 2006இல் தோற்றது. பள்ளி முடிந்த பிறகும் வார இறுதியிலும் பிள்ளைகளுக்குக் கற்பிக்க உங்களுக்குத் தடையில்லையே என்று நீதிமன்றம் சுட்டிக்காட்டியது. அந்தக் குடும்பத்துக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரிகிறது. நம் வீட்டில் உனக்குள் ஒட்டியது எந்த நேரத்தில் என்று எண்ணிப் பார். வெள்ளி மாலை, பூஜை நாள், கார்ப் பயணம். அந்த நேரத்தை ஜெர்மனி உன்னிடம் விட்டுத்தான் வைத்திருக்கிறது.

படிவத்தில் எதிக் கட்டத்தில் டிக் போடு, தயங்காதே. பல வீட்டுப் பிள்ளைகளோடு சேர்ந்து உட்கார்ந்து எது சரி, ஏன் சரி என்று அவன் பேசட்டும். நண்பனோடு கத்தோலிக்க வகுப்புக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தால் அதற்கும் பதறாதே. மைக்ராஸ்கோப் அம்மா வீட்டில் நீ எத்தனை பைபிள் கதை கேட்டிருப்பாய்! அங்கே 1921லிருந்தே ஒரு சட்டம் உண்டாமே, 14 வயதானால் பிள்ளை தன் மதத்தைத் தானே தீர்மானிக்கலாம் என்று. பேரனுக்கு இன்னும் எட்டு வருஷம். அதற்குள் அவன் உன்னைக் கேட்கப்போகும் கேள்விகளுக்கு, தெரியாதென்றால் தெரியாது என்று சொல்.

இன்னொன்று. ஹாம் ஊரில் ஈழத்தமிழர்கள் கட்டிய காமாட்சி அம்பாள் கோயிலில் கோடையில் தேர் ஓடுகிறது, தெருவிலேயே. உன்னை நான் பள்ளியிலிருந்து நிறுத்திய அதே 2002இல் குடமுழுக்கு நடந்த கோயில். மியூனிக்கிலிருந்து தூரம்தான். ஒரு வருஷமாவது மாப்பிள்ளையிடம் சொல்லி லீவு போடச் சொல். பையன் வடத்தைத் தொட்டுப் பார்க்கட்டும்.

பள்ளி முதல் நாள் அங்கே பிள்ளைகள் கையில் கொடுப்பார்களே பெரிய காகிதக் கூம்பு, அதில் வைக்கக் கற்கண்டும் உன் பழைய சிலேட்டும் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை உங்களுக்கு மாலை ஆறு மணி என்றால் எனக்குக் காலை பதினொன்று. விளக்கேற்றியதும் வீடியோவில் கூப்பிடு. நான் பாடுகிறேன். அவன் லீகோ கட்டிக்கொண்டிருந்தால் கட்டட்டும், கூப்பிட்டு உட்கார வைக்காதே.

அன்புடன்,
அம்மா