கமிட்டி மெம்பருக்கு

அன்புள்ள தாசு,

இத்தனை மாசம் கழித்து எழுதுகிறேன், திட்டுவதை நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மேரிக்கு மூட்டுவலி பரவாயில்லை. சின்னவன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான்.

உன்னைச் சபை நிர்வாகம் பார்க்கிற சேகர கமிட்டியில் போட்டிருக்கிறார்கள் என்று செல்லத்துரை அண்ணன் சொல்லித்தான் தெரியும். எலே, காணிக்கைப் பையைக் காணோம் என்று ஊரையே தேடவைத்தவன் இன்றைக்கு கமிட்டி மெம்பரா! ஈஸ்டர் சார் இருந்திருந்தால்... சரி, விடு.

லெந்து நாட்களுக்கு வீட்டு ஜெபக்கூட்டத்தில் மாற்கு சுவிசேஷத்தைப் பேசச் சொன்னார்கள். பரிசேயன், அதாவது நியாயப்பிரமாணத்தில் கறாரான அந்த யூதக் கூட்டத்தான், என்றாலே மாயக்காரன் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வரிசையாக உட்கார்ந்து வாசித்தால் அது சரிப்படவில்லை. இயேசுவோடு மல்லுக்கு நிற்கிறார்கள், நிஜம். சாப்பிடவும் கூப்பிடுகிறார்களே! லூக்காவில் மட்டும் மூன்று பரிசேயர் வீட்டுச் சாப்பாடு. ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும் என்று வந்து சொன்னவர்களும் அவர்கள்தான். மாற்கில், ரோம இராயனுக்கு வரி கொடுக்கலாமா என்று 12-ஆம் அதிகாரத்தில் கேட்டதோடு அவர்கள் பேச்சே இல்லை. பிடித்தது, விசாரித்தது, ரோம ஆளுநர் பிலாத்துவிடம் ஒப்புக்கொடுத்தது எல்லாம் எருசலேம் ஆலயத்துப் பிரதான ஆசாரியர் கூட்டம்.

இயேசு ஒருவனுடைய சூம்பின கையைக் குணமாக்கின அன்றே பரிசேயர் கொலைக்கு ஆலோசனை பண்ணினார்களே என்பாய். பண்ணினார்கள், ஏரோது பக்கத்து ஆட்களான ஏரோதியரையும் சேர்த்துக்கொண்டு. ஆனால் அந்த ஜெப ஆலயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார். அவன் ஒன்றும் சாகக் கிடக்கவில்லை. வேலை செய்யக் கூடாத ஓய்வுநாள் முடியட்டுமே, நாளைக்கு வா என்று நீயும் நானும்கூடச் சொல்லியிருப்போம். அவரோ அவனை எல்லார் நடுவிலும் நிற்கவைத்து, ஓய்வுநாளில் நன்மை செய்வதா, தீமை செய்வதா, உயிரைக் காப்பதா, அழிப்பதா என்று கேட்கிறார். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அப்போதுதான் அவர் கோபத்தோடு சுற்றிலும் பார்க்கிறார்.

எனக்குத் தூக்கம் கெட்டது காய்பாவால்தான். கி.பி. 18 முதல் 36 வரை பிரதான ஆசாரியர் பதவியில் இருந்த மனுஷன். அவருக்கு முந்தினவர் ஒரு வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடிக்கவில்லை. மாமனார் அன்னாவும் பழைய பிரதான ஆசாரியர். நியமிப்பதும் நீக்குவதும் ரோம ஆளுநர் கையில். ஆசாரிய அங்கிகூட அந்தோனியா கோட்டையில் ரோமர் காவலில் இருந்தது, பண்டிகைக்குப் பண்டிகை கேட்டு வாங்கித்தான் உடுத்த வேண்டும் என்று அந்த நூற்றாண்டு யூத சரித்திரக்காரர் யோசேப்பஸ் எழுதிவைத்திருக்கிறார். பஸ்கா பண்டிகைக்கோ எருசலேம் கொள்ளாத ஜனம். அந்த நேரம் பார்த்து ஒருவர் ஆலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளைக் கவிழ்க்கிறார்.

இயேசுவை இப்படியே விட்டால் ரோமர் வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுவார்கள் என்று யூதத் தலைவர்களின் ஆலோசனைச் சங்கத்தில் பயந்தார்கள். ஜனமெல்லாம் கெடுவதைவிட ஒருத்தன் சாவது நலம் என்று காய்பா முடித்துவிட்டார். பயம் பொய்யும் இல்லையப்பா! கி.பி. 70-இல் ரோமர் ஆலயத்தை எரிக்கத்தான் செய்தார்கள். எங்கே தப்பு என்று பிடிக்க முடியாமல் திணறினேன். பொறுப்பான ஆள் பேசுகிற பேச்சு அது. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏன் உன்னிடம் இதையெல்லாம் கொட்டுகிறேன் தெரியுமா? உங்கள் ஸ்கூல் டீச்சர் விவகாரம் கமிட்டிக்கு வருகிறது என்று காதில் விழுந்தது. அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தீர்களா? சபைக்குக் கெட்ட பேர் வந்துவிடும், முதலில் வேலையை விட்டு அனுப்பிவிடுவோம் என்று யாராவது ஆரம்பித்தார்களா? இயேசுவைப் பிடிக்கத் துடித்தவர்கள் நடுவே, பரிசேயனான நிக்கொதேமு சங்கத்தில் கேட்டது ஒரே கேள்விதான்: ஒருவன் சொல்வதைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லலாமா? நீரும் கலிலேயனோ என்று வாயை அடைத்துவிட்டார்கள். உன்னையும் ஏதாவது சொல்வார்கள். சொல்லட்டும், நீ கேள்.

கூட்டம் எந்தத் தேதி என்று எழுது. முடிந்த கையோடு போன் பண்ணு, ராத்திரி எத்தனை மணியானாலும் சரி. மார்த்தாளுக்கு என் ஸ்தோத்திரம் சொல்.

உன்,
சாமுவேல்