தாளைப் படமெடுத்து அனுப்பு

அன்புள்ள கயல்,

நேற்று போனில், "உடம்பு நல்லாத்தானே இருக்கு, எதுக்குப்பா இன்னும் மாத்திரை?" என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் சரி சரி என்று வைத்துவிட்டேன். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் உன் லூபஸ் நோய், சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் எப்படித் தொடும் என்பதை எழுதினால்தான் எனக்குக் கோர்வையாக வரும்.

முப்பது வருடம் யூரின் பார்த்தே சம்பாதித்தவன் நான். யூரினில் நனைத்து நிறம் பார்க்கும் ஸ்ட்ரிப் எங்கள் லேபுக்கு வந்ததெல்லாம் பிற்பாடுதான். டெஸ்ட் டியூபில் முக்கால்வாசி ஊற்றி, மேல்பாதியை மட்டும் ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். மேலே பால் தெளித்தாற்போல் கலங்கும்; கீழே தெளிவாக நிற்கும். இரண்டு சொட்டு அசிட்டிக் ஆசிட் விட்டும் கலங்கல் போகாவிட்டால் புரதம்; சிறுநீரகம் கசிகிறது என்று அர்த்தம். அந்த டியூபுக்குச் சொந்தக்காரர் வெளியே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருப்பார். வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது.

உனக்கு அந்தக் கலங்கல்கூட இல்லை. சிறுநீரகம் எப்படி வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியாட்டினினும் 0.7, நார்மல்தான். இரத்தத்தில் சி3 என்ற புரதம் இறங்கி, டிஎன்ஏ ஆன்டிபாடி ஏறியிருந்தது; லூபஸ் சீறும்போது இப்படி ஆகும். அதனால்தான் டாக்டர், சிறுநீரகத்தில் துளி சதை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி வரை போனார். லூபஸால் வரும் சிறுநீரகப் பாதிப்பைப் பிரிக்கும் ஆறு வகுப்பில் இரண்டாவது என்று வந்தது. இப்படி அறிகுறி இல்லாமலே தெரியவந்தவர்களில் பெரும்பாலோருக்குப் பல வருடம் கழித்தும் சிறுநீரகம் நன்றாகவே ஓடுகிறது. நீ படித்துவிட்டு அழுத டயாலிசிஸ் கதைகள் பெரும்பாலும் மூன்று, நான்காம் வகுப்புக்காரர்களுடையவை. ஆனால் இரண்டு நான்காக மாறலாம், அதுவும் சத்தமில்லாமல். எனக்குத் தூக்கம் போவது அதை நினைத்துத்தான்.

நீ போடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை மூட்டு வலிக்கு மட்டும் என்று நினைத்திருக்கிறாய். நோய் மறுபடி சீறாமல் பிடித்துவைப்பதும், சிறுநீரகத்தைக் காப்பதும் அதுதான். விடாதே. கண் டாக்டரையும் சொன்ன நேரத்தில் பார். தலைவலி என்றால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடுகிறாயே, அம்மாவிடம் கற்ற பழக்கம், அதை நிறுத்து, சிறுநீரகத்துக்கு ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை யூரினும் பி.பி.யும் பார்க்க வேண்டும். ஒரு நாளில் அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் மறுபடி பயாப்ஸி பேச்சு வரும், அவ்வளவுதான், பயப்படாதே.

குழந்தை பற்றியும் நீ கேட்காமல் கேட்டாய். நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும் என்பார்கள். முன்கூட்டியே சொன்னால் மாத்திரையை அதற்கேற்ப மாற்றித் தருவார்கள். வீட்டில் இதை நான் பேசிக்கொள்கிறேன்.

இந்த வாரம் காலையில் முதல் யூரினைக் கொண்டுபோய்க் கொடு. ரிப்போர்ட் வந்ததும் 'நார்மல்' என்று டைப் பண்ணி அனுப்பாதே. தாளைப் படமெடுத்து அனுப்பு. எண்ணை நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா