அரிக்கமேட்டில் ஒரு பலகை வையுங்கள்

அரிக்கமேட்டைப் பராமரிக்கும் பொறுப்பில் உள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். புதுச்சேரிக்குப் பக்கத்தில், ரோமானியரோடு வணிகம் நடந்த பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டின் அருமை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு விளக்கப் பலகை வேண்டும். எங்கே தோண்டினார்கள், என்ன கிடைத்தது என்று ஒரு வரைபடத்தோடு, தமிழில் வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் கேட்க வந்தது அதைத்தான்.

கடந்த அரையாண்டு விடுமுறையில் அப்பாவையும் அக்கா பிள்ளைகள் இருவரையும் புதுச்சேரிக்கு அழைத்து வந்தேன். ஒரு மாதமாகத் திட்டமிட்ட பயணம். கடற்கரைச் சாலையில் காலை நடை, மணக்குள விநாயகர் கோயில், பாரதி பூங்கா பக்கத்து அருங்காட்சியகம் என்று எல்லாவற்றையும் அப்பாவின் முழங்கால் வலிக்கு ஏற்றபடி பிரித்து வைத்திருந்தேன். ஆனால் அப்பா வாய்விட்டுக் கேட்டது ஒன்றுதான்: "அரிக்கமேடு போக முடியுமாம்மா?"

அப்பா 31 வருடம் அரசுப் பள்ளியில் வரலாறு நடத்தியவர். வருடா வருடம் கரும்பலகையில் ஆம்போரா என்ற, இரண்டு கைப்பிடி வைத்த ரோமானியச் சாடியை வரைந்து காட்டி அரிக்கமேட்டைப் பாடம் எடுத்திருக்கிறார். ஆனால் ஒரு முறைகூட நேரில் போனதில்லை. சம்பளமும் குடும்பமும் விட்டதில்லை.

முதல் நாள் அருங்காட்சியகத்தில் சாடித் துண்டுகளையும் மணிகளையும் பார்த்தவர், அந்தக் கண்ணாடிப் பெட்டியை விட்டு நகரவே இல்லை. சென்னை அருங்காட்சியகத்து அலமாரி ஒன்றில் கிடந்த சாடிக் கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் தொல்லியல் ஆய்வாளர் மார்டிமர் வீலர் இந்த ஊரைத் தேடி வந்தார், 1945இல் தோண்டினார் என்று பிள்ளைகளுக்குக் கதையாகச் சொன்னார். இத்தாலியில் செய்த அரெட்டைன் பாண்டங்களின் காலம் முன்பே தெரியும், அவை கிடைத்த மண்ணடுக்கில் நம் பானை ஓடுகளும் கிடந்ததால் நம்முடையவற்றுக்கும் காலம் சொல்ல முடிந்தது என்றார். பெரியவன் உடனே கேட்டான்: "நாளைக்கு அந்தக் குழியைப் பார்க்கலாமா தாத்தா?"

மறுநாள் ஆட்டோ பிடித்து, அரியாங்குப்பம் தாண்டி வீராம்பட்டினம் சாலையில் திரும்பி, இரண்டு இடத்தில் வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தோம். மரங்கள், பக்கத்தில் ஆறு, இடிந்த செங்கல் சுவர்கள். எங்கள் கண்ணில் பட்ட பலகை ஒன்றுதான். சேதப்படுத்தினால் தண்டனை என்று எச்சரிக்கும் பலகை. அங்கே எது காக்கப்படுகிறது, ஏன் காக்கப்படுகிறது என்று அதில் ஒரு வரி இல்லை.

சின்னவள் ஓடிப்போய்ச் சுவரைத் தொட்டு, "இது ரோமானியர் கட்டினதா?" என்றாள். "இல்லம்மா, இது பிரெஞ்சுப் பாதிரியாருங்க கட்டினது. எறநூறு, எறநூத்தம்பது வருஷம்தான் இருக்கும்" என்றார் அப்பா. "அப்ப ரோமானியர் சாடியெல்லாம் எங்க கிடைச்சுது?"

அப்பாவிடம் பதில் இல்லை. குழிகளை எப்போதோ மூடிவிட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். வீலர், அவருக்குப் பின் கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்று மூன்று பேரும் தோண்டிய மண்ணில்தான் நிற்கிறோம் என்பதும் தெரியும். எந்தப் பக்கம் என்று கை காட்டத்தான் தெரியவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆற்றங்கரை வரை நடந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அங்கிருந்த ஒருவரிடம் கேட்டார். அவருக்கும் தெரியவில்லை. வகுப்பறையில் காலத்தைக் கழித்த மனிதர் ஒரு குழந்தையின் கேள்விக்கு முன்னால் தடுமாறி நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அப்போது இன்னொரு குடும்பம் அந்தச் சுவர் முன்னால் படம் எடுத்துக்கொண்டிருந்தது. "இங்க வேற என்ன சார் இருக்கு?" என்று அப்பாவிடம் கேட்டார்கள். அப்பா ஒரு குச்சியை எடுத்து, மணலில் ஆம்போராவை வரைந்தார். வெயிலில் அரை மணி நேரம் பாடம் நடத்தினார். அந்தச் சுவர்தான் ரோமானியருடையது என்று நம்பி அவர்கள் கிளம்ப இருந்தார்கள். அப்பா இல்லாத நாளில் வருகிறவர்கள் எதை நம்பிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள்? அந்தச் சுவரைத்தான்.

இது சின்ன விஷயம் இல்லை. இன்றும் பலர் அரிக்கமேட்டை ரோமானியர் வந்து உண்டாக்கிய ஊர் என்றே நினைக்கிறார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே இங்கே மக்கள் வாழ்ந்தார்கள் என்று பெக்லியின் ஆய்வு காட்டியது. இங்கே மணி செய்தவர்கள் இருந்தார்கள். இங்கே செய்ததைப் போன்ற சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் தென்கிழக்காசியா வரைக்கும் கிடைத்திருக்கின்றன. அந்தக் கைவினைஞர்களைப் பற்றி அவர்கள் வாழ்ந்த இடத்திலேயே ஒரு வரி இல்லை என்றால், அது யாருக்கு மரியாதை?

கீழடியில் 2023இல் அருங்காட்சியகம் திறந்தார்கள். மக்கள் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். பழைய மண்ணைப் பார்க்க நம் ஜனங்களுக்கு ஆர்வம் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. அப்படியிருக்க, கடற்கரை ஊருக்கு வருகிறவர்களை ஈர்க்க விளக்கு போடுகிறோம், விழா எடுக்கிறோம். கொஞ்ச தூரத்தில் இருக்கும் இரண்டாயிரம் வருடத்தைத் தோப்புக்குள் ஊமையாக விட்டுவிடுகிறோம். படிக்கிற பிள்ளைகளுக்குத் தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக மட்டும் அது போதும் என்று யார் முடிவு செய்தது?

கோபம் கொஞ்சம் கூடிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். நான் அருங்காட்சியகம் கேட்கவில்லை. குழிகளைத் திறக்கவும் சொல்லவில்லை. மூடி வைப்பதுதான் அவற்றுக்குப் பாதுகாப்பு என்று அப்பாவே சொல்கிறார். ஒரு பலகை போதும். இந்தச் சுவர் எந்தக் காலத்தது, குழிகள் எந்தத் திசையில், அங்கே என்ன கிடைத்தது, அவற்றை இப்போது எங்கே பார்க்கலாம். இந்த நான்கும் தமிழில் இருந்தால் போதும்.

ஊருக்கு வந்ததும் அப்பா அந்தப் பலகைக்கான வாசகத்தை ஒரு பக்கத்தில் எழுதிவிட்டார். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி எழுதியிருக்கிறார். குழிகளின் திசைக்கு மட்டும் இடம் காலியாக விட்டிருக்கிறார். அதை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். கேட்டால் அனுப்பி வைக்கிறேன். திருத்திக்கொள்ளலாம், அவர் பெயர் போட வேண்டியதில்லை. பலகை வைத்ததும் தயவுசெய்து தெரியப்படுத்துங்கள். அப்பாவையும் பிள்ளைகளையும் மறுபடி அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியரின் மகள்