அரை கிளாஸ் பீரும் சிவக்கும் முகமும்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. ஒசாகா குளிர் பழகிவிட்டது என்பதில் மகிழ்ச்சி. அரை கிளாஸ் பீரிலேயே உன் அலுவலகத்து ஆட்களுக்கு முகம் செம்பருத்தியாகிவிடுகிறது, 'குடித்துப் பழகினால் சரியாகிவிடும்' என்கிறார்கள், உண்மையா என்று கேட்டிருந்தாய். பழகப் பழகச் சிவப்பு குறையலாம். உள்ளே நடப்பது மாறாது.

எந்தச் சரக்கானாலும் கல்லீரலில் முதலில் அசிட்டால்டிஹைடாகும். அது விஷம். ஏஎல்டிஎச்2 என்ற நொதிதான் அதை அசிட்டேட்டாக மாற்றி அப்புறப்படுத்துகிறது. நான்கு துண்டுகள் சேர்ந்தது ஒரு நொதி. சிலருக்கு அதில் 504ஆம் இடத்தில் குளுட்டமேட் என்ற அமினோ அமிலத்துக்குப் பதிலாக லைசின் என்ற வேறொன்று வந்துவிடுகிறது. அப்பா அம்மாவில் ஒருவரிடமிருந்து மட்டும் இது வந்தால் பாதி நொதி மிஞ்சும் என்றுதானே நினைப்போம்? இல்லை. நல்லதும் கெட்டதும் கலந்து கோத்தால், நான்கும் நல்லதாக அமைவது பதினாறில் ஒன்றுதான். ஒரு கெட்ட துண்டு இருந்தாலே மற்றவையும் மந்தமாகிவிடும். அசிட்டால்டிஹைடு தேங்கும், முகம் சிவக்கும்.

நம்மூரில் இந்த மாற்றம் மிக அரிது. ஆனால் குடியை நிறுத்தக் கொடுக்கும் டைசல்பிராம் மாத்திரை முடக்குவதும் இதே நொதியைத்தான். அதைப் போட்டுக்கொண்டு குடித்தவர் படும் பாட்டை, இவர்கள் பிறவியிலேயே கொஞ்சம் அனுபவிக்கிறார்கள்.

இந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். இரண்டும் கெட்டவர்கள் அநேகமாகக் குடிக்கவே மாட்டார்கள். சிக்கல் ஒரு பிரதிக்காரர்களுக்குத்தான். ஜப்பானியக் குடிநோயாளிகளில் இவர்களின் பங்கு 1979இல் 2.5 சதவீதம், 1986இல் 8, 1992இல் 13. பதிமூன்று வருடத்தில் மரபணு மாறவில்லை. வேலை முடிந்து மேலதிகாரியோடு குடித்தே ஆகவேண்டிய சூழல்தான் இறுகியது. இவர்கள் தொடர்ந்து குடித்தால் உணவுக்குழாய்ப் புற்றுநோய் அபாயம் மற்றவர்களைவிடப் பல மடங்கு.

சிவப்பை மறைக்க அசிடிட்டிக்கான பேமோட்டிடினை முன்கூட்டியே விழுங்குவோரும் உண்டு. அது ரத்தக் குழாய்களை விரியவைக்கும் ஹிஸ்டமினைத் தடுத்துச் சிவப்பைத்தான் மறைக்கும். அசிட்டால்டிஹைடு அப்படியே இருக்கும். எச்சரிக்கை மணியின் வயரை அறுப்பது போலத்தான்.

கண்டுபிடிக்க இரண்டு கேள்வி போதும்: 180 மில்லி பீருக்கு இப்போது முகம் சிவக்கிறதா? குடிக்கத் தொடங்கிய முதல் ஓரிரு வருடத்தில் சிவந்ததா? இரண்டாவதை விட்டுவிடாதே, பழகியவர்கள் அதில்தான் சிக்குவார்கள். அப்படிப்பட்டவர் பல வருடம் குடித்திருந்தால் எண்டோஸ்கோபியின்போது டாக்டரிடம் அதைச் சொல்லட்டும். உணவுக்குழாயின் உள்ளே லூகோல் அயோடின் என்ற சாயக் கரைசலைத் தெளித்துப் பார்ப்பார்கள். நல்ல சவ்வு பழுப்பாகும், சந்தேகமான இடம் நிறம் பிடிக்காமல் வெளுத்து நிற்கும்.

சித்திரைக்கு ஊருக்கு வருகிறாயா? எழுது.

அன்புடன்,
ரவி