தானியங்கி லாகினுக்கு உங்கள் உதவி மையம் சொல்லும் பாதுகாப்பற்ற வழி குறித்துப் புகார்

அனுப்புநர்:
அரிசி ஆலைக் கணக்கு மென்பொருள் பணியகம்,
மன்னார்குடி, திருவாரூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

ஐயா / அம்மா,

மன்னார்குடி, நீடாமங்கலம், கூத்தாநல்லூர் பக்கத்து அரிசி ஆலைகளுக்கு எடைமேடைக் கணக்கு மென்பொருள் போட்டுக் கொடுக்கிறோம். பகலில் விழுந்த எடைச் சீட்டுகள் எல்லாம் இரவில் தானாகவே உங்கள் சர்வருக்கு ஏறிவிட வேண்டும். காலையில் அதைப் பார்த்துத்தான் விவசாயிகளுக்குப் பணம் போடுவார்கள்.

தை மாதம், சம்பா நெல் வந்து குவிகிற நேரத்தில், முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் கணக்கின் பாஸ்வேர்டைக் காலாவதி ஆக்கிவிட்டீர்கள். "நேத்துச் சீட்டு ஒண்ணுமே ஏறலையே சார், வாசல்ல ஆளுங்க நிக்கிறாங்க" என்று ஆலைக் கணக்குப்பிள்ளை போன் செய்த பிறகுதான் எங்களுக்கே தெரிந்தது. சரி, புதிய பாஸ்வேர்டு வாங்கிப் போட்டுவிட்டோம். அதன் பிறகு உங்கள் உதவி மையம் சொன்ன வழிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

ஆள் இல்லாமல் லாகின் ஆவதற்குப் பாதுகாப்பான வழி கேட்டிருந்தோம். வந்த பதில் இது: ஹோம் ஃபோல்டரில் உள்ள .நெட்ஆர்சி (தானாக லாகின் ஆவதற்கான விவரங்களை வைக்கும் கோப்பு) கோப்பில் சர்வர் பெயர், பயனர் பெயர், பாஸ்வேர்டு மூன்றையும் எழுதி, கோப்புக்கு 777 அனுமதி கொடுங்கள். இந்தக் கோப்புக்கு 600தான் சரி. உரியவர் மட்டும் படிக்கலாம், எழுதலாம். 777 என்றால் அந்தக் கணினியில் லாகின் வைத்திருக்கும் எவரும் திறந்து பார்க்கலாம், மாற்றவும் செய்யலாம். ஆலைக் கணினியைக் கணக்குப்பிள்ளையும் எடைமேடைப் பையனும் பழுது பார்க்க வருபவரும் தனித்தனி லாகினில் பயன்படுத்துகிறார்கள். நீங்கள் சொன்னதை எங்கள் சோதனைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். கோப்பை மற்றவர்கள் படிக்க முடிகிறது என்று, சர்வருக்குக் கோப்புகளை அனுப்பும் எஃப்டிபி நிரலே கண்டுபிடித்து, தானாக லாகின் செய்ய மறுத்துவிட்டது. அது மறுத்ததுதான் சரி.

இதை எழுதிக் கேட்டதும், பாஸ்வேர்டைக் கட்டளை வரியிலேயே போடச் சொன்னார்கள். அதுவும் பாதுகாப்பானது இல்லை. கட்டளை ஓடும்போது அதே கணினியில் இருக்கும் வேறொருவர், ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையைப் போட்டால் முழு வரியும் திரையில் வந்துவிடலாம்.

அப்புறம், 600 போட்டாலும் பாதி வேலைதான் முடிகிறது. நீங்கள் தருவது 1985இல் ஆர்எஃப்சி 959 என்ற இணையத் தர ஆவணம் வரையறுத்த வெறும் எஃப்டிபி. அதில் பாஸ்வேர்டும் கோப்பும் மறையாக்கம் இல்லாமல் அப்படியே இணையத்தில் போகின்றன. எங்கள் கோப்பில் விவசாயியின் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் இருக்கின்றன. நம்பி நெல்லைக் கொண்டுவந்து கொட்டியவர்களின் விவரம் அது. இப்படித் திறந்து அனுப்ப எங்களுக்கு மனம் ஒப்பவில்லை.

அதனால்தான் எல்லாவற்றையும் மறையாக்கம் செய்து அனுப்பும் எஸ்எஃப்டிபி கேட்டோம். ஆலைக் கணினியில் பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பயன்படும் ஒரு சாவி ஜோடி (பொதுச் சாவி ஒன்று, தனிச் சாவி ஒன்று) உருவாக்கி, பொதுச் சாவியை உங்கள் சர்வரில் எங்கள் கணக்கில் சேர்த்துவிட்டால் போதும். தனிச் சாவி ஆலையை விட்டு வெளியே போகாது, எந்தக் கோப்பிலும் பாஸ்வேர்டு எழுத வேண்டாம். ஓர் ஆலையின் கணினி திருடு போனால் அந்தச் சாவியை மட்டும் நீக்கிவிடலாம், மற்ற ஆலைகளின் வேலை நிற்காது. இந்த வசதி விலை கூடிய திட்டத்தில் மட்டும்தான் என்கிறீர்கள். பூட்டுக்குத் தனிக் காசு கேட்பது நியாயம் இல்லை.

எங்கள் கணக்கில் கூடுதல் கட்டணம் இல்லாமல் எஸ்எஃப்டிபியும் பொதுச் சாவி லாகினும் திறந்து தர வேண்டும். 777 போடச் சொல்லும் பதிலை உதவி மையத்திலிருந்து எடுத்துவிட்டு, ஏற்கெனவே அதைப் பெற்ற வாடிக்கையாளர்களுக்கும் திருத்தம் அனுப்புங்கள். அவர்களில் பலர் அதை அப்படியே செய்திருப்பார்கள். பாஸ்வேர்டு காலாவதி ஆகும் முன் மின்னஞ்சலில் தெரிவியுங்கள்.

குறுவை நெல் ஆலைக்கு வரத் தொடங்குவதற்குள் எழுத்து மூலம் பதில் வேண்டும். வராவிட்டால் எல்லா ஆலைகளின் கணக்கையும் வேறு நிறுவனத்துக்கு மாற்றிவிட்டு, மீதிக் காலத்துக்கான கட்டணத்தைத் திருப்பிக் கேட்போம்.

இப்படிக்கு,
பணியகப் பொறுப்பாளர்