குடும்ப ஐக்கியச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

கிறிஸ்துவுக்குள் அன்பான சங்கத்தார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

கடந்த ஓராண்டின் அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இரண்டு பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன், ஆனால் தோட்டத்தைப் பற்றி ஆரம்பித்ததும் நீண்டுவிட்டது. நீண்டதற்குக் காரணம் இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் வழக்கமானவை. மாதாந்திரக் குடும்ப ஜெபம் 12 மாதமும் தவறாமல் நடந்தது. செயற்குழு ஆறு முறை கூடியது. உடல்நலமில்லாதவர்களின் வீடுகளுக்குப் போய் ஜெபிக்கும் ஊழியம் தொடர்ந்தது. சிறுவர்களுக்கு வேத வினாடி வினா வைத்துப் பரிசு கொடுத்தோம். கிறிஸ்துமஸ் கூடுகை நல்லபடியாக நடந்தது.

இனி தோட்டமும் சமையலும். சங்க மண்டபத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த இடத்தைக் கொத்தி காய்கறி போடுவது, விளைந்ததை மாதம் ஒரு சனிக்கிழமை குடும்பம் குடும்பமாக வந்து மண்டபச் சமையலறையில் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது என்று போன பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தேன். நிறையக் கைகள் உயர்ந்தன, தீர்மானம் நிறைவேறியது. ஆனால் அப்போதே ஒரு சகோதரர் எழுந்து, "சங்கம் ஜெபிக்க இருக்கிறதா, மண்வெட்டி பிடிக்க இருக்கிறதா?" என்று கேட்டார். அதே கேள்வி செயற்குழுவிலும் இரண்டு முறை வந்தது. நேரில் பேசும்போது எனக்குச் சட்டென்று பதில் வராது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஆதியாகமம் இரண்டாம் அதிகாரம் 15ஆம் வசனத்தைப் பாருங்கள். தேவன் மனுஷனை ஏதேன் தோட்டத்தில் வைத்தது அதைப் பண்படுத்தவும் காக்கவும். முள்ளும் குருக்கும் மூன்றாம் அதிகாரத்தில்தான் வருகின்றன. அதாவது தோட்ட வேலை தண்டனையாக வந்தது அல்ல, பாவம் உள்ளே வருவதற்கு முன்பே கையில் கொடுக்கப்பட்ட வேலை அது. விதைக்கிறவன், கடுகு விதை, அத்திமரம் என்று ஆண்டவர் உவமை சொன்னதெல்லாம் மண்ணிலிருந்துதான். உயிர்த்தெழுந்த காலையில் மகதலேனா மரியாள் அவரைத் தோட்டக்காரர் என்றே நினைத்துவிட்டாள். மண்வெட்டி பிடித்தால் ஜெபம் குறைந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. என் அனுபவத்தில், களை பிடுங்கிக்கொண்டே ஜெபித்த நாட்களில்தான் மனம் அங்கே இங்கே ஓடாமல் நின்றது.

அப்புறம் எருக்குழி விஷயம். இதைப் பற்றி நிறையப் பேசப்பட்டது, நடந்ததை நடந்தபடியே சொல்கிறேன். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் காய்கறித் தோல், பழத்தோல், காபித்தூள் எல்லாம் வாளியில் கொண்டுவந்து கொட்டச் சொன்னது நான்தான். கொட்டினார்கள். மூன்றே வாரத்தில் குழி நாற ஆரம்பித்தது, பக்கத்து வீட்டார் வருத்தப்பட்டார்கள், தொலைபேசி எனக்கு வந்தது. மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். தப்பு எங்கே என்றால், ஈரமான தோலை மட்டும் போட்டோம், காய்ந்தது எதுவும் போடவில்லை. எரு நன்றாக மக்க வேண்டுமானால் ஒரு பங்கு நைட்ரஜனுக்கு 25 முதல் 30 பங்கு கார்பன் வேண்டும். கைக்கணக்கில் சொன்னால், ஒரு வாளித் தோலுக்கு இரண்டு மூன்று வாளி காய்ந்த இலை. காற்றும் உள்ளே போக வேண்டும், இல்லாவிட்டால் மக்குவதற்குப் பதில் அழுகும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நானும் இரண்டு தம்பிகளும் ஒரு முழுச் சனிக்கிழமை குழியைத் தலைகீழாகப் புரட்டி, சருகு கலந்து போட்டோம். நான்காம் நாள் குவியலுக்குள் கையை விட்டேன், சுடச்சுட இருந்தது, கையை எடுத்துக்கொண்டேன். 55 டிகிரிக்கு மேல் அந்தச் சூடு சில நாள் நின்றால் களை விதையும் நோய்க்கிருமியும் பெரும்பாலும் செத்துவிடும். நாற்றம் ஒரே வாரத்தில் போய்விட்டது. சில மாதம் கழித்து எடுத்தபோது கறுப்பாக, உதிரியாக, முதல் மழை பெய்த மண் மாதிரி மணத்தது. லூக்கா 13இல் கனி கொடாத அத்திமரத்தை வெட்டிப்போடச் சொன்னதும், தோட்டக்காரன் இன்னும் ஒரு வருஷம் இருக்கட்டும், சுற்றிலும் கொத்தி எருப்போடுகிறேன் என்று கெஞ்சுகிறான் அல்லவா, அந்த வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த எருவைக் கையில் அள்ளிய அன்றுதான் அதில் இருக்கிற கருணை எனக்குப் புரிந்தது.

தக்காளி பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் பிடித்த காய்களில் பாதிக்கு மேல் அடிப்பக்கம் கறுத்துக் குழிந்துபோயின. நோய் வந்துவிட்டது, மருந்து அடிக்க வேண்டும் என்றார்கள். அது நோயே இல்லை. காயின் நுனிக்குக் கால்சியம் போய்ச் சேராததால் வருவது. மண்ணில் கால்சியம் இருந்தாலும் தண்ணீரோடு சேர்ந்துதான் அது செடிக்குள் ஏறும். மூன்று நாள் காயவிட்டு நான்காம் நாள் வெள்ளமாக ஊற்றினால் காய்க்கு அது ஒழுங்காகக் கிடைக்காது. ஏன் மூன்று நாள் காய்ந்தது? தண்ணீர் ஊற்றும் முறைப்பட்டியலில் பெயர் கொடுத்தவர்கள் வரவில்லை, அதனால்தான். யாரையும் குத்திக்காட்டச் சொல்லவில்லை, ஆனால் அந்தக் கறுத்த காய்களைப் பறித்துப் போடும்போது எனக்கு வருத்தமாகவே இருந்தது. பிறகு இரண்டு குடும்பங்கள் பொறுப்பெடுத்துத் தினமும் காலையில் ஊற்றின, அடியில் சருகு பரப்பி மூடினோம். அடுத்த பிடிப்பில் ஒரு காய்கூடக் கறுக்கவில்லை.

பீன்ஸ் முடிந்து செடியை எடுக்கும்போது நடந்தது ஒன்று. ஏழு வயதுப் பையன் ஒருவன் வேரோடு பிடுங்கிக் கொண்டுவந்து, "மாமா, இதுல கொப்புளம் கொப்புளமா இருக்கு, செடிக்கு அம்மை போட்டிருக்கா?" என்று கேட்டான். ஒரு முடிச்சை நகத்தால் கிள்ளிப் பிளந்து காட்டினேன், உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனை எடுத்துச் செடிக்குக் கொடுக்கிறது என்றும், அந்தச் சிவப்பு நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருள் என்றும் சொன்னேன். அவன் தன் விரலையும் வேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே நின்றான். மீதிச் செடிகளைப் பிடுங்காமல் அடியோடு வெட்டிவிட்டு, வேரை மண்ணிலேயே விட்டோம். மெண்டல் என்ற துறவி 1856 முதல் 1863 வரை ப்ர்னோ நகரத்து மடத்தில் சுமார் 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிப் பார்த்துத்தான் மரபியலுக்கு வழி திறந்தார் என்று அடுத்த வாரம் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மடத்துத் தோட்டத்தில் நடந்த வேலை அது என்பதை அழுத்திச் சொன்னேன்.

சேர்ந்து சமைக்கும் சனிக்கிழமை எட்டு மாதம் நடந்தது. நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: வீட்டில் தினமும் சமைக்கிறவர்கள் அன்றைக்கு உட்கார வேண்டும், மற்றவர்கள் நறுக்கவும் கழுவவும் வேண்டும். முதல் மாதம் வெங்காயம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவில் விழுந்தது. மூன்றாம் மாதம் அப்பாமார் நன்றாகவே நறுக்கினார்கள். ஒரு முறை ராஜ்மாவை ஊறவைத்து அப்படியே சின்னத் தீயில் போட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள், நான் நிறுத்தி, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் பத்து நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிடச் சொன்னேன். வேகாத ராஜ்மாவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும் நச்சு இருக்கிறது, குறைந்த சூட்டில் அது அழியாது. இதை வீட்டிலும் மறக்காதீர்கள்.

ஐந்தாம் மாதச் சனிக்கிழமையை என்னால் மறக்க முடியாது. கணவரை இழந்து தனியாக இருக்கும் ஓர் அம்மா, வீட்டில் ஒரு ஆளுக்காக அடுப்பு பற்றவைக்க மனசே வருவதில்லை என்று முன்பு ஜெபக் கூட்டத்தில் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அவர்களைப் பெரிய பாத்திரத்தின் பக்கத்தில் உட்காரவைத்தோம். கரண்டி நுனியில் கொஞ்சம் எடுத்து உள்ளங்கையில் விட்டு, ஊதி, நக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு சிட்டிகை உப்பு" என்றார்கள். போட்டோம். மறுபடி பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்கள், கண் நிறைந்திருந்தது. சாப்பாட்டு ஜெபத்தையும் அவர்களையே செய்யச் சொன்னோம், இரண்டு வாக்கியம்தான் ஜெபித்தார்கள். யோவான் 21இல் ஆண்டவர் கரையில் கரிநெருப்புப் போட்டு மீனும் அப்பமும் வைத்துவிட்டு, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று கூப்பிடுகிறார். மரணத்தை ஜெயித்தவர், இரவெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்களுக்குக் காலைச் சாப்பாடு தயார் செய்து வைத்திருக்கிறார். சங்கம் ஜெபிக்கவா சமைக்கவா என்று கேட்கிறவர்கள் அந்தக் கரையில் கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும்.

மார்த்தாளை ஆண்டவர் கண்டித்தாரே என்றும் கேட்டார்கள். அவள் பல வேலைகளைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் கண்டித்தார், அடுப்பை அணைக்கச் சொல்லவில்லை. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸுக்குச் சமையலறை வேலை சுபாவமாகவே பிடிக்காதாம், அவருக்குக் கொடுத்தது அதே வேலைதான். பாத்திரச் சத்தத்துக்கு நடுவிலேயே தேவ சமுகத்தை உணரப் பழகினார். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் மேல் முன்பு வாழ்ந்து, மடத்து வாழ்க்கைக்கு விதிகள் எழுதிய பெனடிக்ட் என்ற துறவி, மடத்துப் பாத்திரம் பண்டங்களைப் பலிபீடத்துப் பாத்திரங்களைப் போலப் பாவிக்கச் சொன்னார், சமையல் வேலையையும் வாரமுறை வைத்து ஒருவருக்கொருவர் செய்யச் சொன்னார். நம் சனிக்கிழமை புதிதாக முளைத்தது அல்ல.

சரி, இனி மனம் விட்டுச் சில வார்த்தை. பதிவேட்டில் 38 குடும்பங்கள் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் பத்துக் குடும்பம் வந்தாலே பெரிது. வேலை, பிள்ளைகளின் பரீட்சை, உடல்நலம் எல்லாம் எனக்கும் தெரியும், வர முடியாதவர்கள் மேல் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் வருகிறேன் என்று பெயர் கொடுத்துவிட்டு வராமல் இருப்பதும், ஒரு தகவல்கூடச் சொல்லாமல் இருப்பதும் வலிக்கிறது. பத்துப் பேருக்கென்று நினைத்துச் சமைத்து நான்கு பேர் உட்கார்ந்த நாளும் உண்டு. சந்தாவும் அப்படித்தான். பாதிக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பாக்கி நிற்கிறது, சிலருடையது இரண்டாம் வருஷத்துக்குள் போய்விட்டது. முடியாதவர்கள் என்னிடமோ பொருளாளரிடமோ தனியாக ஒரு வார்த்தை சொன்னால் போதும், அது எங்களோடு இருக்கும். சொல்லாமல் ஒதுங்கிப் போவதுதான் வேண்டாம் என்கிறேன். பாக்கி வைத்ததற்காக யாரும் சாப்பிட வர வெட்கப்பட வேண்டியதில்லை.

கணக்கைப் பொருளாளர் விரிவாக வாசிப்பார். சுருக்கமாக, வரவு செலவுக்குக் கிட்டத்தட்ட சரியாக வந்தது. தோட்டத்துக்கு விதை, தண்ணீர்க் குழாய், இரண்டு மண்வெட்டி, ஒரு கவைக்கம்பு தவிரப் பெரிய செலவு இல்லை. குழாய் வாங்கியதில் கொஞ்சம் கைக்காசும் சேர்ந்தது, அதைக் கணக்கில் கொண்டுவர வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன்.

ஆண்டு முழுவதும் உடனிருந்த போதகர் ஐயாவுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழுவினருக்கும், மண்டபச் சாவியை எந்த நேரத்திலும் எடுத்துக் கொடுத்த காவலாளி அண்ணனுக்கும், கடைசிப் பாத்திரம் வரை கழுவிவிட்டுப் போன வாலிபர்களுக்கும் நன்றி. நாற்றத்தைப் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்குத் தனியாக நன்றி, அவர்களுக்கு முதல் பறிப்பிலேயே தக்காளி கொடுத்துவிட்டோம்.

வரும் ஆண்டில் இந்தப் பொறுப்பில் நான் தொடர்வதா வேண்டாமா என்பதைப் பொதுக்குழு தீர்மானிக்கட்டும். வேறு யாராவது எடுத்துக்கொண்டால் சந்தோஷமாகக் கொடுப்பேன், கூடவே நின்று வேலையும் செய்வேன். தோட்டம் மட்டும் நிற்கக் கூடாது, அதுதான் என் வேண்டுதல். நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார் என்று பவுல் எழுதினார். நட ஆள் இருக்கிறது, விளையச்செய்கிறவரும் இருக்கிறார், நமக்குக் குறைவாக இருப்பது அப்பொல்லோதான்.

போன திங்களன்று நாற்றுத்தட்டில் தக்காளி விதை போட்டிருக்கிறேன், ஆறு வாரம் போல ஆகும் நடவுக்கு வர. தண்ணீர் ஊற்றும் பட்டியலில் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் இன்னும் காலியாக இருக்கின்றன. பட்டியல் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது, பேனாவையும் அங்கேயே நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்